நீலச் சூரியனுக்குக் குரல் கொடுத்தவர்கள்

போடலாமா, வேண்டாமா என்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, கீழ்வீட்டுக் குக்கர்கூட அடங்கிவிட்டது, சாலிகிராமத்தில் ஒரு தெரு இவ்வளவு சத்தமில்லாமல் இருப்பது இந்த ஒரு நேரத்தில்தான், இப்போது போடாவிட்டால் அப்புறம் போடவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஞானமுத்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வழக்கமான வெள்ளைத் துணி, துணிக்குப் பின்னால் டாக்டர்கள் போட்ட துவாரம், சில வருஷங்களாக அவருக்கு மூச்சு அந்த வழியாகத்தான், குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பீடி சிகரெட் தொடாத மனுஷனுக்கு, பேசிப் பேசியே பிழைத்த மனுஷனுக்கு, கேன்சர் போயும் போயும் அங்கேயா வந்து உட்கார வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் யாரிடம் கேட்டாள், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடமா, சுவரிடமா, இப்போது ஞாபகம் இல்லை. ஓசூரில் இருக்கும் மகள் ஜெபா நாலு நாளைக்கு முன்னால் போனில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். "அம்மா, அப்பாவும் நீயும் சேர்ந்து பேசின அந்த இந்திப் படம், தமிழ் டப்பிங், யாரோ யூடியூப்ல ஏத்தியிருக்காங்க. முழுப் படமும் அப்பா குரல் இருக்கு. நீ முதல்ல தனியா கேட்டுப் பாரு." தனியாகக் கேட்கவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தவள் டைட்டில் இசை வந்ததுமே அணைத்துவிட்டாள். தனியாகக் கேட்டால் அது செத்துப்போனவர் குரலைக் கேட்பதுபோல ஆகிவிடும், அவர்தான் கதவுக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாரே. கேட்டால் இரண்டு பேரும் கேட்க வேண்டும், அதற்காகத்தான் டீவியிலேயே யூடியூபில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் அவரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. டீவியில் பழைய படம் ஏதாவது ஓடி, அதில் அடியாள் ஒருத்தன் இவர் குரலில் "பாஸ், போலீஸ்" என்று கத்தினால்கூட எழுந்து உள்ளே போய்விடுகிறவர்.

பொத்தானை அமுக்கிவிட்டாள். அமுக்கினாளா, விரல் தானாக இறங்கியதா. முதலில் கடன் கொடுக்கிற கம்பெனி விளம்பரம், அதில் ஒரு பையன் குதித்துக் குதித்து ஆடினான், அது முடிகிற வரைக்கும் அவள் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதியைப் பார்ப்பதுபோல நின்றாள். அப்புறம் திரை நீலமாகியது. நீலம் என்றால் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலம், அதில் ஒரு சூரியன் உருண்டு வந்து வெடித்து, வெடித்த துண்டெல்லாம் சேர்ந்து எழுத்தாகி, 'நீலச் சூரியன்' என்று நின்றது. பம்பாயில் 'ஆபரேஷன் நீலா சூரஜ்' என்று எடுத்த படம். எவ்வளவு செலவு செய்து எடுத்தார்கள், பனிமலையை ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டினார்கள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகையெல்லாம் எழுதின. நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகிறாரா, போகட்டும், போனால் அணைத்துவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம், காப்பி போட்டுக் கொடுக்கலாம். கிறீச்சு மறுபடி வரவில்லை. திரையில் விமானம் ஒன்று பறந்தது, அதன் வயிற்றுக் கதவு திறந்தது, உள்ளிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவன் ஆகாயத்துக்குள் பாய்ந்தான், விழுந்துகொண்டே கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினான், கீழே ஓடிக்கொண்டிருந்த ரயிலின் கூரையில் வந்து இறங்கி, வண்டியை நிறுத்தி, தலையைக் கோதிக்கொண்டு சொன்னான்: "மன்னிக்கணும், டிக்கெட் எடுக்க நேரமில்லை." அது இவர். முப்பது வயசுக்காரர். அந்த 'மன்னிக்கணும்'மில் ன்-னில் லேசாக நிற்கிற நிறுத்தம், நாசரேத்துக்காரர் மெட்ராஸ் தமிழ் பேசக் கற்றுக்கொண்டபோது எங்கேயோ ஒட்டிக்கொண்ட நிறுத்தம், அதை அவள் மறந்தே போயிருந்தாள். மறந்தது தெரியாமலேயே மறந்திருந்தாள். இத்தனை நாளாக மனசுக்குள் அவர் குரல் என்று ஒன்றை வைத்திருந்தாளே, ராத்திரி படுத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பாளே, அதில் அந்த நிறுத்தம் இல்லை. அப்படியானால் அது யார் குரல், இவளே சமைத்த குரலா. அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், முகத்தைப் பார்க்க வேண்டியிராத இடமாகப் பார்த்து.

வடபழனியில் ஒரு மாடியில் இருந்தது அந்தப் படத்துக்கு இவர்கள் பேசிய டப்பிங் தியேட்டர். சின்ன அறை, சுவரெல்லாம் சாக்குத்துணி ஒட்டி, உள்ளே போனதும் காது அடைத்துக்கொள்ளும். ஏசியைக்கூட டேக் நேரத்தில் அணைத்துவிடுவார்கள், வியர்வை முதுகில் ஊர்வது அவரவருக்குக் கேட்கும். கோவில்பட்டியிலிருந்து நாடகக் கம்பெனியோடு வந்து, கம்பெனி கலைந்து, திரும்பிப் போக மனசில்லாமல் மெட்ராசிலேயே தங்கிவிட்ட பெண் செண்பகம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மைக் முன்னால் வரணும் என்பதுகூட முதல் நாள் தெரியாது. "கண்ணாடி வளையல் சத்தம் வருதும்மா, கதாநாயகி ராணுவ உளவாளி," என்றார் வசனம் எழுதிய பாஷ்யம். அவர்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி வட்டமாக ஒட்டியிருப்பார்கள், அதற்கு லூப் என்று பேர், அதே துண்டு திரும்பத் திரும்பத் திரையில் வரும், இந்தியில் அசைகிற உதட்டுக்குத் தமிழை ஊற்ற வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் பகரமோ மகரமோ போடு, திறந்தே இருந்தால் அகரம் ஆகாரம், அர்த்தம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை என்பார். அதனால்தான் அந்தப் படத்தில் காதல் வசனத்துக்கு நடுவில் திடீரென்று 'பாப்பம்', 'போவம்' என்று வரும். கதாநாயகனுக்குப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அடியாட்களுக்கும் லாரி டிரைவருக்கும் கூட்டத்தில் நாலு பேருக்கும் பேச வந்திருந்த ஞானமுத்து மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பனங்கற்கண்டு சப்பிக்கொண்டிருந்தார். "நீ ஒரு லூப் பேசிப் பாருய்யா," என்றார் பாஷ்யம், சும்மா அளவு பார்ப்பதற்கு. அந்த மோட்டார் சைக்கிள் லூப்தான். பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியர் தலையை நிமிர்த்தி யார் பேசியது என்று பார்த்தார். செண்பகமும் பார்த்தாள். ஒல்லியாக, சட்டைக் காலர் கிழிந்து திருப்பித் தைத்து, இவருக்குள்ளிருந்தா வந்தது அது. அப்படித்தான் நினைத்தாள், வெட்கமாக இருக்கிறது இப்போது நினைத்தால், முதலில் பிடித்தது குரலைத்தான், ஆள் அப்புறம்தான் வந்தார். அப்படியானால் குரல் போனபின் மிச்சம் இருப்பது யார் என்று ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், தோன்றிவிட்டது அவளுக்கு. தோன்றினதுக்காக அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அவரிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் புரிந்துகொள்வார் என்பதுதான் பயம்.

படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வில்லன் பேர் பிரளயன், மொட்டைத் தலை, ஒரு கண்ணுக்குத் தங்க மூடி, இமயமலைக்கு அடியில் மாளிகை கட்டிக் குடியிருக்கிறான், சூரியனுக்கு நீலச் சாயம் பூசுகிற இயந்திரம் வைத்திருக்கிறான், சூரியன் நீலமானால் நாட்டில் ஒரு நெல்லும் முளைக்காது, எல்லோரும் அவன் காலில் வந்து விழ வேண்டும். மாளிகைக்குள் முதலை, முதலைக்குப் பக்கத்தில் பியானோ. தெர்மாகோல் பனியில் பென்குயின் இரண்டு நடந்து போயின, இமயமலையில் ஏது பென்குயின், நடக்கும்போது ஒன்றின் காலில் மனுஷச் செருப்பு தெரிந்தது. செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள், அவர் சிரிக்காதபோது தான் சிரிக்கலாமா. இப்படித்தான் ஆகிவிட்டது வீடு, சிரிக்கிறதுக்கும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு. கதாநாயகி வந்தாள், உளவாளி ஷீலா, வெள்ளிச் சரிகைப் புடவையில் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டு. உதட்டுச் சாயத்தில் வெடிகுண்டு வைத்திருக்கிறவள். அவள் வாயைத் திறந்ததும் செண்பகத்துக்குத் தூக்கிப்போட்டது. "உங்களை நம்பித்தான் வந்திருக்கேன், கேப்டன்." கிளி மாதிரி ஒரு குரல், பயந்துபோன குரல், துணிச்சல்காரி போலப் பேசச் சொன்னதால் கத்துகிற குரல். இது நானா. தன் குரலும் போய்விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அறுத்து எடுக்கவில்லை, அது தானாகவே போய்விட்டது, கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் துக்கம் கேட்க வராமல். இப்போது அவளைப் போனில் கேட்கிறவர்கள் "சார், உங்க கேஸ் சிலிண்டர்" என்கிறார்கள். பிறகு நீர்மூழ்கிக் கப்பல் வந்தது, கப்பலுக்குள் சரவிளக்குத் தொங்கியது, விளக்குக்குக் கீழே கதாநாயகன் கேப்டனும் ஷீலாவும். இது அந்த லூப். இரண்டு பேருக்கும் ஒரே மைக். தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "நான் உங்களைக் காதலிக்கிறேன்" என்று இவள் சொல்ல வேண்டும், "இந்த ஆழத்தில் வந்தா சொல்வது" என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை சிங்க் முந்தியது, அதாவது உதடு அசைவதற்கு முன்னாலேயே குரல் விழுந்துவிட்டது, ஒரு தடவை பிந்தியது, ஒரு தடவை யார் வயிறோ இரைந்தது, ஒரு தடவை தெருவில் ஐஸ்காரன் மணி. திரும்பத் திரும்ப அவள் அதையே சொன்னாள். எத்தனையாவது டேக்கோ, திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். உதட்டுக்குச் சரியாக விழுந்தது. "இதுதான், இதுதான், ஓகே," என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் தன் வசனத்தை மறந்து நின்றார். படியிறங்கும்போது, "ஞானம் சார், கடைசி டேக் நல்லா வந்துச்சுல்ல?" என்று இவள் கேட்டாள். "நாசரேத்தில எங்க அம்மா சம்மதிக்கணும்," என்றார் அவர். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா சம்மதிக்கவில்லை, இவள் அப்பாவும் சம்மதிக்கவில்லை, இரண்டு ஊரிலும் இரண்டு சாமிக்கும் வருத்தம், அதெல்லாம் ஜெபா பிறந்தபிறகு தானாகச் சரியாயிற்று.

இடையில் சோப்பு விளம்பரம் வந்தபோதுதான் துணிந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கோபம் இல்லை, கண்ணீர் இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், மளிகைக்கடையில் தராசைப் பார்ப்பதுபோல. "இருக்கட்டுமா, நிறுத்திரட்டுமா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினார். அது எதற்கு ஆமாம் என்று புரியவில்லை. இந்தத் தலையாட்டல்தான் இப்போது அவர் பாஷை. ஆபரேஷன் முடிந்த முதல் வருஷம் அப்படியில்லை. சத்தம் இல்லாவிட்டாலும் உதடு பேசும், முழுசாகப் பேசும், திட்டும், கேலி செய்யும், உதட்டைப் படிக்கிறதுதானே இவள் தொழில், இந்தி உதட்டையே படித்தவளுக்கு நாசரேத்து உதடு எம்மாத்திரம். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஜெபா வாங்கி வந்தாள், ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தார், தகர டப்பாவுக்குள் வண்டு உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது, பெட்டியில் போட்டு மூடிவிட்டார். பரவாயில்லை, உதடு போதும் என்று இருந்தார்கள். போதும் என்றுதான் இவள் நினைத்தாள். பிறகு என்றைக்கோ, எந்த நாள் என்று சொல்ல முடியாதபடி, வார்த்தை குறைந்தது. ஒரு வரி ஒரு சொல்லாயிற்று. சொல் தலையாட்டலாயிற்று. இப்போது காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை அந்த உதடு திறப்பது காப்பிக்கும் சோற்றுக்கும்தான். மனசு விட்டுப்போச்சு என்றாள் ஜெபா. டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். கர்த்தர் மேல் கோபமோ, என் மேலோ, இல்லை அந்தக் கெட்ட நோய் மறுபடி எங்கேயாவது உள்ளே ஊர்ந்துகொண்டிருப்பது இவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதோ. அந்த நினைப்பு வந்தால் செண்பகம் எழுந்து ஏதாவது பாத்திரத்தைத் துலக்க ஆரம்பிப்பாள், துலக்கியதையே துலக்குவாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் கடைசியாக வீட்டில் பேசியது, "மோட்டாரை அமத்திட்டியா?" அதுதான். ஏதாவது பேசுங்க, பதிவு செய்து வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க நினைத்து, கேட்டால் அபசகுனம் என்று விட்டுவிட்டாள். ஜெபா கல்யாண வீடியோவில் அவர் பேசுகிற இடத்திலெல்லாம் வீடியோக்காரன் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறான். ஆயுசு முழுக்க ஊரான் வாய்க்கெல்லாம் குரல் கொடுத்தவர் குரல் வீட்டில் ஒரு சொல்கூட இல்லை.

கேப்டன் கவ்வாலிப் பாடகன் வேஷத்தில் மாளிகைக்குள் நுழைந்து, தாடியைப் பிய்த்துப் போட்டு, பியானோவைத் தூக்கி முதலை மேல் போட்டான். கேப்டன் பேசப் பேச அவளுக்கு அந்தப் படம் ரிலீசான வெள்ளிக்கிழமை வந்தது. மவுண்ட் ரோட்டில் பெரிய தியேட்டர். பம்பாயில் ஊற்றிக்கொண்டது தெரியும், ஆனாலும் தமிழில் ஓடிவிடும், சண்டைப் படம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். இவரும் இவளும் பால்கனியில் உட்கார்ந்தார்கள், சுற்றிலும் காலி நாற்காலி. சூரியனுக்குச் சாயம் பூசுகிற இடத்தில் கீழே ஒருவன் "அப்படியே எங்க வீட்டுச் சுவருக்கும் அடிச்சுட்டுப் போப்பா" என்றான், அதற்கு எழுந்த சிரிப்புத்தான் படத்துக்கே கிடைத்த பெரிய சத்தம். கேப்டன் அழுகிற இடத்தில்கூடச் சிரித்தார்கள். இவர் இருட்டில் அவள் கையைப் பிடிக்கவில்லை, தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அங்கேதான் தப்பு என்பதுபோல. அடுத்த வாரமே தூக்கிவிட்டார்கள். பம்பாய்க்காரர்களின் முதலைக்கும் பென்குயினுக்கும் சேர்த்து இவர்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ராசியில்லாத குரல். யார் முதலில் சொன்னார்களோ, கோடம்பாக்கத்தில் அப்படி ஒரு சொல்லுக்கு ஒரு நாள் போதும், காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை நடந்துவிடும். பிறகு எந்தக் கதாநாயகனுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அடியாள், இன்ஸ்பெக்டர், கடத்தல்காரனின் டிரைவர். "பாஸ், போலீஸ்." அதையே முப்பது வருஷம், சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிக்கொண்டே. ஒரு நாளும் புலம்பியதில்லை. ஆனால் குளிக்கும்போது சில நாள் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும், வாளித் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "மன்னிக்கணும், டிக்கெட் எடுக்க நேரமில்லை." இவள் அடுப்பங்கரையில் கேட்காததுபோல இருந்துவிடுவாள். அந்தப் படத்தையா நான் இன்றைக்கு நடுவீட்டில் போட்டு உட்கார வைத்திருக்கிறேன், என்ன காரியம் செய்தேன், இழந்ததை எல்லாம் ஒரே தட்டில் வைத்து நீட்டுவதுபோல. அணைத்துவிடலாம். கடைசி ரீல்தான் மிச்சம், அந்தக் கடைசி ரீல்தான் மோசம்.

யாரோ பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார்கள் போல, கொஞ்ச நேரமாகவே படத்தில் கோடு விழுந்துகொண்டிருந்தது, குரல் தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. மாளிகை இடிய ஆரம்பித்தது. ஷீலாவை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, இயந்திரத்தை நிறுத்துவதற்காகக் கேப்டன் உள்ளேயே நின்றுவிட்டான், கையில் வயர்லெஸ், முகத்தில் நீல வெளிச்சம். வாயைத் திறந்தான். சத்தம் இல்லை. ரிமோட்டை எடுத்து ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள், ஒன்றுமில்லை. கேசட்டே அந்த இடத்தில் தேய்ந்துபோயிருக்கிறது. திரை நிறைய ஒரு முகம், உதடு அசைகிறது, குரல் இல்லை. செண்பகத்துக்கு அணைக்கிற பொத்தான் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, சிவப்பா, ஓரத்தில் இருப்பதா, ஐயோ இதையா இவர் பார்க்க வேண்டும், இன்றைக்கா. அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நிமிர்ந்தாள். ஞானமுத்து நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் திரையில் இருந்தது. அவர் உதடு அசைந்தது. கேப்டனின் உதடு திறந்தபோது திறந்தது, ஒட்டியபோது ஒட்டியது, ஒரு மயிரிழை பிசகவில்லை. 'ஷீலா, நான் பேசுறது கேக்குதா? இது என்னோட கடைசித் தகவல்.' அவள் படித்தாள். படித்தது தெரியாமலே, தன் கரகரத்த குரலில், சிலிண்டர்காரன் சார் என்று கூப்பிடுகிற அந்தக் குரலில், வாய்விட்டுச் சொன்னாள்: "ஷீலா, நான் பேசுறது கேக்குதா? இது என்னோட கடைசித் தகவல்." அவர் கை இறுகியது. ஹெலிகாப்டரில் ஷீலா கதறினாள், சத்தமில்லாமல். அது இவள் பேச வேண்டிய இடம், ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை, உதடு ஒட்டுகிறது, பகரம், மகரம், என்னத்தைப் போட, வாயில் வந்ததைப் போட்டாள்: "போதும் கேப்டன், மழை வரப்போவுது, மாடியில வத்தல் காயுது, வாங்க." புஸ்ஸென்று ஒரு சத்தம். கழுத்துத் துணி பறந்து விழுந்தது. அவர் சிரிக்கிறார். துவாரத்து வழியாகக் காற்று சீறிச் சீறி வந்தது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, அந்தச் சிரிப்புக்கு இப்படி ஒரு ஓசை இருக்கிறது என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கேப்டன் மறுபடி பேச ஆரம்பித்தான். நீளமான பேச்சு, தேசம், தாய், கடமை, எல்லாம் வரும் அதில். ஞானமுத்துவின் உதடும் ஆரம்பித்தது. ஆனால் திரையைப் பார்த்து இல்லை. 'ஏளா,' என்றது உதடு. படத்தில் ஏளா கிடையாது, அது நாசரேத்துக்காரர் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சொல். 'ஏளா செண்பகம், நீ முந்திக்கிடுத.' அவளுக்கு விளங்கவில்லை. "என்ன சொல்றீக?" 'முந்திக்கிடுதன்னேன். நான் சொல்லி முடிக்கதுக்குள்ள நீ முடிச்சிருத. மருந்துக் கடையில நான் வாயத் தொறந்தா நீ பேசுத. கோயில்ல நீ பேசுத. ஜெபா போன் போட்டா, அப்பா நல்லாருக்காகன்னு நீயே சொல்லிருத. நான் நல்லா இல்லன்னு சொல்ல வந்தேன் அன்னைக்கு.' நிறுத்தினார், துவாரத்தில் மூச்சு வாங்கினார். 'சிங்க் முந்திருச்சுன்னா அந்த டேக் வேஸ்ட்டுல்லா. பொறவு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?' மாளிகை சத்தமில்லாமல் இடிந்து விழுந்தது. மருந்துக் கடை கவுண்டர் செண்பகத்தின் கண்ணுக்குள் வந்தது, கடைக்காரன் இவர் வாயைப் பார்த்து முழிக்கக் கூடாதே, யாரும் இரக்கப்பட்டுப் பார்க்கக் கூடாதே என்று பதறிப் பதறி அவள் பேசியது, முதல் எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை அவளே போட்டு நிரப்பியது, அந்த வேகத்தைக்கூடப் பெருமையாக நினைத்தது. கோபமா இது என்று அவர் முகத்தைத் தேடினாள். கோபம் மாதிரி இல்லை. வேலை இடத்தில் கூட வேலை செய்கிறவரிடம் தப்பைச் சொல்லுகிற முகம், அந்த முகத்தை அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். கர்த்தரும் இல்லை, நோயும் இல்லை, ராசியும் இல்லை. சிரிக்கவா அழவா என்று தெரியாமல், "சரி," என்றாள், "சரி, இனிமே பொறுத்துப் பேசுறேன்," என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் உதடு மறுபடி பிரிவதைப் பார்த்து அதையும் விழுங்கினாள். அவர் பேசினார். டீவியில் யாருக்கோ பதக்கம் குத்தினார்கள், படம் முடிந்து வேறு ஏதோ படம் தானாக ஓட ஆரம்பித்தது, அதற்குச் சத்தம் இருந்தது, அவள் அதை அணைத்தாள். முதுகு வலிக்கிறது என்றார், இந்தப் பிரம்பு நாற்காலியே பிடிக்கவில்லை என்றார், ராத்திரி துவாரம் அடைத்துக்கொள்ளுமோ என்று தூங்குவதற்குப் பயமாக இருக்கிறது என்றார், நாசரேத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வரணும் என்றார், பாஷ்யம் இருந்தால் அந்தப் பென்குயினுக்கு என்ன வசனம் எழுதியிருப்பார் என்றார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, பல்லுக்குப் பின்னால் வந்து வந்து முட்டியது. உதடு ஒட்டியது. முடித்துவிட்டாரா, மகரத்துக்குத்தான் ஒட்டியதா என்று தெரியவில்லை. செண்பகம் தன் வாயை மூடிக்கொண்டு, அவர் உதட்டையே பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.